ஆங்கில இலக்கியம் படித்ததில் நான் பெற்ற திறன் எது? – ஒரு மாணவியின் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இன்று வந்திருக்கும் சந்தேகங்களில் முதலாவதாக எடுத்துக்கொள்வது, அரசு கலைக் கல்லூரி ஒன்றில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் மூன்றாம் ஆண்டு படிக்கும் தங்கை ஒருவர் அனுப்பிய கேள்வி. அதைச் சுருக்கி வாசிக்கிறேன். "பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். மூன்று ஆண்டுப் படிப்பில் பெற்ற திறன்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி துறையில் கேட்டார்கள். தகவல் தொடர்புத் திறன், விமர்சனச் சிந்தனை, படைப்பாற்றல், குழுவாகச் செயல்படும் பண்பு என்று எழுதிக் கொடுத்தேன். எந்தப் பாடம் படித்தவரும் இதையே எழுதலாமே என்று சொல்லிப் பேராசிரியர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். உண்மையில் எனக்கு இன்னும் சரளமாக ஆங்கிலம் பேச வராது. அப்படியிருக்க, எந்தத் திறனைப் பெற்றேன் என்று எழுதுவது?"

பேராசிரியர் செய்தது சரி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதிய நான்கு சொற்றொடர்களும் பாடத்திட்டப் புத்தகத்தின் முதல் பக்கங்களில் கற்றல் விளைவுகள் என்ற தலைப்பில் அட்டவணையாக அச்சிட்டிருப்பவை. வேதியியல் துறைப் புத்தகத்திலும் வணிகவியல் துறைப் புத்தகத்திலும் ஏறக்குறைய அவையே இருக்கும். உங்களிடம் அவர் கேட்டது அந்த அட்டவணையை அன்று. அந்த வகுப்பறையில் உட்கார்ந்திருந்த உங்களை.

நானும் தமிழ் வழியில் படித்து, டெல்டா மாவட்டத்தில் ஓர் அரசுக் கல்லூரியில் இதே பட்டம் பெற்றவன். இரண்டு ஆண்டுகள் மெட்ரிகுலேஷன் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்துவிட்டு, பிறகு சென்னையில் வெளிநாட்டு ஆய்விதழ்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் காப்பி எடிட்டராகச் சேர்ந்து, இன்றும் அதே தொழிலில்தான் இருக்கிறேன். ஆகவே உங்கள் கேள்விக்குப் பொதுவாகப் பதில் சொல்வதைவிட, எனக்கு அந்த மூன்று ஆண்டுகளில் கையில் ஒட்டியது எது, ஒட்டாமல் போனது எது என்று சொல்வதே பயன்படும் என்று நினைக்கிறேன்.

பேச்சு ஆங்கிலத்தை முதலில் முடித்துவிடலாம். ஆங்கிலப் பட்டப்படிப்பு ஆங்கிலம் பேசக் கற்றுத்தருவதில்லை. அறுபது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில், எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண், அகமதிப்பீட்டுக்கு 25 மதிப்பெண் என்ற ஏற்பாட்டில், மாணவர் வாய் திறப்பதற்கு இடமே வைக்கப்படவில்லை. உறவினர்கள் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். "இங்கிலீஷ் லிட்டரேச்சர் படிக்கிற பிள்ளை, அந்த வெள்ளைக்காரரிடம் நாலு வார்த்தை பேசேன்" என்று கோயில் வாசலில் நிறுத்திவைப்பார்கள். அந்த அவமானத்தை நானும் பட்டிருக்கிறேன். ஆனால் இந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். லண்டனில் யுனிவர்சிட்டி காலேஜ் ஆங்கிலத்துக்கு முதன்முதலில் ஒரு பேராசிரியரை நியமித்தது 1828-இல். ஆக்ஸ்ஃபர்டில் ஆங்கிலம் தனித்துறையாக அமைந்தது 1894-இல்தான். அங்கே அந்தப் பட்டத்துக்குச் சேர்ந்த மாணவர்களுக்கு ஆங்கிலம் வீட்டு மொழி. பேசக் கற்பதற்காக யாரும் அங்கே போகவில்லை. தமிழ் எம்.ஏ.வில் சேர்பவர் தமிழ் பேசக் கற்றுக்கொள்ளவா சேர்கிறார்? அந்தப் படிப்பின் உருவத்தை நாம் அப்படியே எடுத்துக்கொண்டோம். ஆங்கிலம் நமக்கு வீட்டு மொழி இல்லை என்பதை மட்டும் கணக்கில் எடுக்காமல் விட்டுவிட்டோம். எனக்குப் பேச்சு வந்தது பட்டம் வாங்கிய பிறகு, வேலையில் வாரம் இரண்டு முறை வெளிநாட்டு வாடிக்கையாளருடன் தொலைபேசியில் பேசியாக வேண்டும் என்ற கட்டாயத்தால். ஆகவே பேச்சு வரவில்லை என்பதற்காகப் படிப்பே வீண் என்று எண்ண வேண்டாம். வந்துவிட்டதாகப் பொய்யாக எழுதவும் வேண்டாம்.

இனி, ஒட்டியது என்ன என்று சொல்கிறேன். இதற்கு ஒரு வகுப்பை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள், கவிதைத் தாளை நடத்திய பேராசிரியர் நகலெடுத்த ஒரு தாளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். அதில் 14 வரிகள் இருந்தன. தலைப்பும் இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை. கையேட்டை யாரும் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதினார். பேசுபவர் யார், யாரைப் பற்றிப் பேசுகிறார், பாராட்டுகிறாரா பழிக்கிறாரா? அது ஷேக்ஸ்பியரின் 130-ஆவது சானெட், அதாவது பதினான்கு வரிக் கவிதை என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. காதலியின் கண்கள் சூரியனைப் போல் இல்லை, உதடுகளைவிடப் பவளம் மிகச் சிவப்பு, தலையில் முளைத்திருப்பது கருங்கம்பி என்று ஒவ்வொரு வரியிலும் அவளை மட்டம் தட்டிக்கொண்டே போகிறது கவிதை. முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து, "தீம் ஆஃப் லவ், சார்" என்றார். "எந்தச் சொல்லில் லவ் இருக்கிறது? விரல் வைத்துக் காட்டு" என்றார் பேராசிரியர். அவரால் காட்ட முடியவில்லை. எங்களில் யாராலும் முடியவில்லை.

எட்டாவது வரியில் "ரீக்ஸ்" என்று ஒரு சொல் வருகிறது. காதலியின் மூச்சைப் பற்றிய வரி அது. இன்றைய அகராதியைப் பார்த்தால் துர்நாற்றம் வீசுகிறது என்று பொருள் இருக்கும். வகுப்பே சிரித்தது. பேராசிரியர் சிரிக்காமல், துறை நூலகத்திலிருந்து பெரிய அகராதியின் அந்தத் தொகுதியைக் கொண்டுவரச் சொன்னார். ஆக்ஸ்ஃபர்டு ஆங்கில அகராதி ஒரு சொல்லுக்கு இன்றைய பொருளை மட்டும் தருவதில்லை. அந்தச் சொல் எந்த நூற்றாண்டில் எந்தப் பொருளில் வழங்கியது என்பதை மேற்கோள்களோடு வரிசைப்படுத்திக் காட்டுகிறது. 1884-இல் முதல் பகுதி வெளிவந்து, 1928-இல்தான் முழுமை பெற்ற வேலை அது. அதைப் பார்த்தபோது, ஷேக்ஸ்பியரின் சானெட்டுகள் அச்சான 1609-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் அந்தச் சொல் ஆவி எழுவதையும் புகை கிளம்புவதையும் குறித்தது என்றும், துர்நாற்றம் என்ற பொருள் அதற்கு ஓங்கியது பிற்காலத்தில்தான் என்றும் தெரிந்தது.

அந்த இடத்தில்தான் நான் அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தேன். கடைசி வரிசையிலிருந்து எழுந்து, "சார், நம்முடைய நாற்றம் மாதிரி" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அதற்கு முந்தின மணி நேரத்தில்தான் தமிழ் வகுப்பில் 1274-ஆம் குறளை நடத்தியிருந்தார்கள். "முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்" என்று தொடங்கும் அந்தக் குறளில், மொட்டுக்குள் அடங்கியிருக்கும் நறுமணத்தைத்தான் நாற்றம் என்கிறார் வள்ளுவர். அதையும் காதலியின் அடங்கிய புன்னகைக்கு உவமையாகச் சொல்கிறார். இன்று ஒருவரிடம் போய் உன்னிடம் நாற்றம் வருகிறது என்று சொன்னால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். பேராசிரியர் கரும்பலகையில் அந்த ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் "நாற்றம்" என்று தமிழில் எழுதினார். ஆங்கில வகுப்பின் பலகையில் தமிழ் எழுத்தை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதோடு அவர் விட்டுவிடவில்லை. "சரி, துர்நாற்றம் இல்லை. அப்படியானால் இது பாராட்டா?" என்று கேட்டார். முந்தின வரியைப் பாருங்கள் என்றார். சில வாசனைத் திரவியங்களில் அவள் மூச்சில் இருப்பதைவிட அதிக இன்பம் இருக்கிறது என்கிறது அந்த வரி. ஆகவே சொல்லின் பழைய பொருளைக் கண்டுபிடித்துவிட்டோம் என்பதால் குத்தல் மறைந்துவிடாது. கொஞ்சம் மழுங்குகிறது, அவ்வளவுதான். கடைசி இரண்டு வரிகள் "அண்ட் யெட்" என்று தொடங்குகின்றன. அந்த "ஆயினும்" என்ற ஒற்றைச் சொல்லில்தான் கவிதை திரும்புகிறது. பொய்யான உவமைகளால் புகழப்பட்ட எந்தப் பெண்ணுக்கும் என் காதலி குறைந்தவள் இல்லை என்று முடிகிறது. அவர் கேட்ட "லவ்" இருந்த இடம் அதுதான். ஒரு மணி நேரத்தில் 14 வரிகளைக்கூட நாங்கள் முழுமையாக முடிக்கவில்லை. பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரம் அந்தப் பேராசிரியருக்கு ஏன் இல்லை என்று அப்போது நண்பர்களோடு சேர்ந்து நானும் முணுமுணுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெயரை மறைத்துக் கவிதையைக் கொடுக்கும் இந்த முறை அவர் கண்டுபிடித்ததன்று. கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற பேராசிரியர் 13 கவிதைகளை இப்படித் தலைப்பும் பெயரும் இல்லாமல் மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் எழுதித் தந்த கருத்துகளை ஆராய்ந்து 1929-இல் ஒரு நூலாக வெளியிட்டார். நன்கு படித்த மாணவர்களே புகழ்பெற்ற கவிஞர்களின் வரிகளைத் தவறாகப் புரிந்துகொண்டதும், பெயர் தெரியாததால் மட்டமானவை என்று ஒதுக்கியதும் அதில் வெளிப்பட்டன. ஆனால் சொல்லைச் சொல்லாகப் பிரித்து, இது ஏன் இங்கே வந்தது என்று கேட்பது நமக்குப் புதிதில்லை. குறளுக்குப் பரிமேலழகர் உரை எழுதிய விதத்தைப் பார்த்தவர்களுக்கு ரிச்சர்ட்ஸ் பெரிய ஆச்சரியமாக இருக்கமாட்டார்.

இந்த வகுப்பிலிருந்து நான் பெற்றதை ஒரு திறன் என்று பெயரிட்டுச் சொல்வதானால், ஒரு வாக்கியத்தைக் கடந்து போகாமல் நிற்பது என்று சொல்வேன். இவர் இதை யாரிடம் சொல்கிறார், இந்தச் சொல்லை விட்டு வேறு சொல்லைப் போட்டால் என்ன மாறும், நான் சொல்லும் பொருளுக்கு இந்த வரியில் சான்று எங்கே என்று கேட்டுக்கொண்டு நிற்பது. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. செய்வது எளிதில்லை என்பதற்கு என் வேலையிலேயே ஒரு சான்று உண்டு.

வேலைக்குச் சேர்ந்த நான்காவது மாதம், குழந்தைகள் மருத்துவம் பற்றிய ஒரு கட்டுரை என்னிடம் வந்தது. காய்ச்சல் கண்ட குழந்தைகளை மருத்துவமனையில் சேர்த்தார்கள் என்பது அதில் ஒரு வாக்கியம். ஆங்கிலத்தில் "சில்ட்ரன் ஹூ ஹேட் ஃபீவர்" என்று காற்புள்ளி இல்லாமல் இருந்தது. வாக்கியம் நீளமாக இருக்கிறதே, மூச்சு விட இடம் கொடுப்போம் என்று நினைத்து, "ஹூ" என்பதற்கு முன்னும் "ஃபீவர்" என்பதற்குப் பின்னும் இரண்டு காற்புள்ளிகளைப் போட்டு அனுப்பிவிட்டேன். மறுநாள் மூத்த எடிட்டர் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, "எல்லாக் குழந்தைகளுக்குமா காய்ச்சல்?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் புரியவே ஒரு நிமிடம் ஆயிற்று. காற்புள்ளி இல்லாதபோது, குழந்தைகள் பலர் வந்தார்கள், அவர்களில் காய்ச்சல் கண்டவர்களை மட்டும் சேர்த்தார்கள் என்று பொருள். காற்புள்ளிகள் இரண்டையும் போட்டால், எல்லாக் குழந்தைகளுக்கும் காய்ச்சல், எல்லாரையும் சேர்த்தார்கள் என்று ஆகிவிடும். அதே பக்கத்தில் இருந்த அட்டவணையில், வந்த குழந்தைகளில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே காய்ச்சல் என்று எண்கள் இருந்தன. நான் அட்டவணையைப் பார்க்கவே இல்லை.

தமிழ் வழியில் வந்தவர்கள் இந்த இடத்தில் வழுக்கி விழுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை விளக்கினால் உங்களுக்கும் பயன்படும். "காய்ச்சல் கண்ட குழந்தைகள்" என்ற பெயரெச்சத் தொடரில் அந்த இரண்டு பொருளும் அடங்கியிருக்கின்றன. காய்ச்சல் கண்டவர்கள் மட்டுமா, எல்லாருமா என்பதை நாம் சூழலை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறோம். தமிழ் எழுத்தில் அதற்கென்று குறி கிடையாது. ஆங்கிலம் அந்த வேறுபாட்டை ஒரு காற்புள்ளியில் வைத்திருக்கிறது. இலக்கணப் பாடத்தில் இரண்டாம் பருவத்திலேயே இதைப் படித்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியவன் நான். ஆனால் அதைத் தேர்வுக்கான விதியாகத்தான் வைத்திருந்தேன். அந்த மேசையில் நின்றபோதுதான், 130-ஆவது சானெட்டுக்கு "எந்தச் சொல்லில்?" என்று கேட்டவரும் கட்டுரைக்கு "எல்லாக் குழந்தைகளுக்குமா?" என்று கேட்டவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள் என்று உறைத்தது. அதன் பிறகு சந்தேகம் வந்த இடத்தில் நானாக மாற்றுவதில்லை. ஓரத்தில் ஆதர் க்வெரி போட்டு, கட்டுரையாளரையே கேட்டுவிடுவேன்.

அதற்கு ஓர் ஆண்டு கழித்து வந்த இன்னொரு கட்டுரையில், ஒரு குழு தீர்மானத்தை "டேபிள்" செய்தது என்று இருந்தது. பிரிட்டிஷ் வழக்கில் அதற்கு விவாதத்துக்கு முன்வைத்தது என்று பொருள். அமெரிக்க வழக்கில் விவாதிக்காமல் ஒத்திவைத்தது என்று நேர் எதிர்ப்பொருள். கட்டுரையாளர்களில் ஒருவர் லண்டனிலும் மற்றவர் அமெரிக்காவிலும் இருந்தார்கள். இந்த முறை நான் நின்று, கேட்டேன். ஒத்திவைத்தது என்றே அவர்கள் சொல்லவந்தது என்று பதில் வந்தது. நாற்றத்துக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக என் மேலாளர் ஒருபோதும் நம்பமாட்டார், எனக்குத் தெரியும்.

அடுத்து, அச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழ் வழியில் வந்த மாணவருக்கு ஆங்கிலத்தின் மீது இருப்பது பெரும்பாலும் அறியாமையைவிட அச்சம்தான். எழுத்துக்கூட்டலில் தவறு செய்தால் நாம் மட்டமானவர்கள் என்று தோன்றும். ஆங்கில மொழி வரலாறு என்ற தாள் எனக்கு அந்த அச்சத்தைப் பாதி கழற்றிவிட்டது. கடன் என்ற பொருள்தரும் "டெட்" என்ற சொல்லின் நடுவில் ஒலிக்காத ஒரு "பி" இருக்கிறதல்லவா? அந்தச் சொல் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்த எழுத்து அதில் இல்லை. லத்தீன் மூலத்தைக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் பிற்காலப் படிப்பாளிகள் அதை நுழைத்தார்கள். ஒலிப்பு மாறவில்லை, எழுத்து மட்டும் தங்கிவிட்டது. ஆக, நான் எட்டாம் வகுப்பில் அந்த எழுத்தை விட்டதற்காகப் பிரம்படி வாங்கியபோது, யாரோ சிலருடைய படிப்புப் பெருமைக்காக அடி வாங்கியிருக்கிறேன்.

ஒலியியல் தாளும் அப்படித்தான். ஆங்கிலத்தின் தரப்படுத்தப்பட்ட பிரிட்டிஷ் உச்சரிப்பில் 44 ஒலிகள், அவற்றில் 20 உயிர், 24 மெய் என்று எல்லாரும் மனப்பாடம் செய்தோம். எனக்கு நிலைத்தது அந்த எண்ணிக்கை இல்லை. நம் ப என்ற ஒரே எழுத்து "பல்" என்பதில் ஒரு விதமாகவும் "கம்பு" என்பதில் வேறு விதமாகவும் ஒலிப்பதை அந்த வகுப்பு வரை நான் காதால் கவனித்ததே இல்லை. எந்த இடத்தில் எந்த ஒலி வரும் என்பதைத் தமிழில் சொல்லின் அமைப்பே முடிவு செய்துவிடுவதால், எழுத்து ஒன்றே போதும். ஆங்கிலத்தில் அந்த இரண்டு ஒலிகளும் சொல்லின் பொருளையே மாற்றும். மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரையும் அதற்குக் கொடுக்கும் ரசீதும் தமிழில் எழுதினால் இரண்டும் "பில்" தான். நான் ஏன் தடுமாறுகிறேன் என்பதற்கு மூளைக்குறைவைத் தவிர வேறு காரணம் உண்டு என்று தெரிந்தது, பேசத் துணிந்ததற்குப் பிற்காலத்தில் மிகவும் உதவியது.

யாப்பிலும் இதே அனுபவம். தமிழ்த் தாளில் நேர், நிரை என்று அசை பிரிக்கப் பழகியிருந்ததால், ஆங்கில வரியை அசை பிரிப்பது எனக்கு ஆங்கில வழியில் படித்த நண்பர்களைவிட எளிதாக இருந்தது. நம் அசை குறில், நெடில், ஒற்று ஆகியவற்றின் கணக்கு. அவர்களுடையது எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்ற கணக்கு. அந்த வேறுபாடு பிடிபட்டவுடன், சானெட்டின் வரியில் பத்து அசைகள் மெலிந்தும் அழுந்தியும் மாறி மாறி வருவதைக் கையால் தட்டிக் காட்ட முடிந்தது. தமிழ் வழியில் படித்ததைக் குறையாக மட்டுமே உங்கள் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

எழுத்தைப் பற்றி, பெருமைப்படும்படியாக இல்லாவிட்டாலும் உண்மையைச் சொல்கிறேன். முதலாண்டு முழுவதும் நான் கொடுத்த அசைன்மென்ட் எல்லாம் கையேட்டிலிருந்து பார்த்து எழுதியவை. இரண்டாம் ஆண்டில் ஒரு நாடகத்தைப் பற்றி எழுதிய நான்கு பக்கத்தில், ஒரே ஒரு வாக்கியத்துக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டு, "இது நீ எழுதியது" என்று பேராசிரியர் குறித்திருந்தார். இலக்கணப் பிழை இருந்த ஒரே வாக்கியமும் அதுதான். அதற்குப் பிறகு பார்த்து எழுதுவதில் சுகம் போய்விட்டது. கருத்து ஒன்றைச் சொன்னால் அதற்கடுத்து நாடகத்தின் வரி எண் வர வேண்டும் என்பது அவர் விதி. மூன்றாம் ஆண்டின் முடிவில், எட்டுப் பக்கம் எழுதி அதை ஐந்து பக்கமாகக் குறைக்க எனக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கு எனக்குச் சம்பளம் வருவது பெரும்பாலும் அந்தக் குறைக்கும் வேலைக்குத்தான்.

கிடைக்காதவை பல. புள்ளிவிவரம் ஒன்றைப் படித்துப் புரிந்துகொள்ள எனக்குத் தெரியாது. வேலையில் சேர்ந்த பிறகு, அந்தக் காய்ச்சல் அட்டவணைக்குப் பிறகு, தனியாகக் கற்றுக்கொண்டேன். கணினியில் ஒழுங்காகத் தட்டச்சு செய்யவும் வெளியில்தான் கற்றேன். இப்போது 2022-இல் தொடங்கிய, தமிழக அரசு மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தரும் நான் முதல்வன் திட்டம் போன்ற ஏற்பாடுகள் இருப்பதால் உங்கள் நிலை என்னுடையதைவிட மேலாக இருக்கலாம். நாவல்களைப் பொறுத்தவரை, தாளில் இருந்த எல்லா நாவல்களையும் நான் முழுமையாகப் படித்தேன் என்று சொன்னால் என் வகுப்புத் தோழர்கள் இந்தக் காணொளியின் கீழ் வந்து சிரிப்பார்கள்.

இனி உங்கள் தாளுக்கு வருவோம். விமர்சனச் சிந்தனை என்ற சொல்லை அடித்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, உங்கள் மூன்றாண்டு நோட்டுகளையும் பாடநூல்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஓரத்தில் நீங்களே பென்சிலால் ஏதாவது எழுதியிருக்கும் பக்கங்களைத் தேடுங்கள். கேள்விக்குறி போட்ட இடம், அகராதி பார்த்துப் பொருள் எழுதிய இடம், ஆசிரியர் சொன்னதை ஒப்புக்கொள்ளாமல் கோடு போட்ட இடம், இவற்றில் இரண்டோ மூன்றோ போதும். ஒவ்வொன்றுக்கும், முதலில் நான் இதை எப்படிப் புரிந்துகொண்டேன், எதைப் பார்த்ததும் அந்தப் புரிதல் மாறியது, இன்று இதேபோன்ற ஒரு வரி வந்தால் என்ன செய்வேன் என்று ஐந்தாறு வாக்கியங்கள் எழுதுங்கள். திறனுக்குப் பெயர் சூட்ட வேண்டும் என்றால் கடைசியில் சூட்டிக்கொள்ளலாம்; பல நேரங்களில் அதற்குத் தேவையே இருக்காது.

எப்படி எழுதலாம் என்பதற்கு ஒரு பத்தியைச் சொல்கிறேன். "இரண்டாம் ஆண்டில் ஒரு சானெட்டைப் படித்தபோது, அதில் வந்த ஒரு சொல்லுக்கு இன்றைய பொருளைக் கொண்டு கவிஞர் காதலியை இழிவுபடுத்துகிறார் என்று நினைத்தேன். அச்சொல்லின் பழைய வழக்கை அகராதியில் பார்த்தபோது அது தவறு என்று தெரிந்தது. ஆனால் அதற்கு முந்தின வரியைச் சேர்த்துப் படித்தபோது, கேலி முழுவதும் மறைந்துவிடவில்லை என்பதும் தெரிந்தது. பழைய ஆவணமோ வேற்று நாட்டு ஆவணமோ எதுவாக இருந்தாலும், தெரிந்த சொல்லாக இருக்கிறதே என்று நம்பிவிடாமல் அதன் காலத்தையும் இடத்தையும் பார்க்கும் பழக்கம் அன்று தொடங்கியது." இதில் பெருமை பேசும் சொல் ஒன்றும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நான் தவறாக நினைத்தேன் என்பதே இரண்டு முறை வருகிறது. அதனால்தான் வாசிப்பவர் நம்புவார்.

நேர்முகத் தேர்வில் இதையே கேட்டால் ஒரு நிமிடத்துக்குள் சொல்லுமாறு சுருக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் திக்கினாலும் பாதகமில்லை. எங்கள் நிறுவனத்துக்கு ஆளெடுக்கும் குழுவில் சில முறை நான் உட்கார்ந்திருக்கிறேன், தடையில்லாமல் பேசிக்கொண்டே போய், ஒரு வாக்கியத்தைக் கொடுத்து இதில் என்ன சந்தேகம் என்று கேட்டவுடன் ஒன்றும் இல்லை என்று சொன்னவர்களைவிட, தயங்கித் தயங்கி, "சார், இதில் 'ஒன்லி' எந்தச் சொல்லோடு சேர்கிறது?" என்று கேட்டவர்களைத்தான் நாங்கள் எடுத்தோம். எல்லா வேலைக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். கால் சென்டரில் வேண்டுவது வேறு, வங்கித் தேர்வில் வேண்டுவது வேறு, அரசுப் பள்ளி ஆசிரியர் பணிக்கு எப்படியும் பி.எட். முடித்துத் தகுதித் தேர்வும் எழுத வேண்டும்.

திருத்தி எழுதியதைத் துறையில் கொடுப்பதற்கு முன் எனக்கு அனுப்பினால் படித்துப் பார்த்துச் சொல்கிறேன். ஒன்று மட்டும்: நாற்றம் பற்றிய என் அனுபவத்தை எடுத்து அப்படியே உங்கள் தாளில் போட்டுவிடாதீர்கள். பேராசிரியர் அதைப் படித்துவிட்டு, அதற்கு முந்தின வரி என்ன என்று கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.